வலி மருந்துக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டி வந்த ஒருவர், வாய்ப்புற்றுநோய் முற்றிய நிலையில் எங்கள் பிரிவுக்கு வந்தார். வலியால் படுக்க இயலாமல், பல இரவுகள் உட்கார்ந்தபடியே கழித்திருந்தார். வேறோரு மருத்துவர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் சீட்டுடன் அவருடைய மகள் ஆறு மருந்துக் கடைகளில் ஏறி இறங்கியிருந்தார். எங்கும் மருந்து கிடைக்கவில்லை. ஒரு கடையில் சீட்டையே சந்தேகத்துடன் பார்த்துத் திருப்பித் தந்தனர். "நாங்கள் ஏதும் தப்பான பொருளைக் கேட்டுவிட்டோமா, டாக்டர்?" என்று அவர் கேட்டார். அக்கேள்விக்குச் சற்று விரிவாக விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டமும் அச்சமும்

மார்ஃபின், அபினியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்து. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபினிச் செடி பயிரிடப்படுகிறது. நம் நாடு அதை ஏற்றுமதியும் செய்கிறது. ஆனால் விளையும் நாட்டிலேயே நோயாளிக்கு அது கிடைப்பது அரிதாயிற்று.

1985இல் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடத்தலைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆயினும், மார்ஃபினை இருப்பு வைக்க ஒரு மருத்துவமனை பல துறைகளில் தனித்தனி உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. கடைசி உரிமம் கைக்கு வருமுன் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். தண்டனையும் கடுமையானது. ஆகவே பல மருத்துவமனைகளும் கடைகளும் இம்மருந்தை வாங்குவதையே நிறுத்தின. 1985இல் ஏறத்தாழ 573 கிலோவாக இருந்த மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு, 1997இல் 18 கிலோவாகச் சுருங்கியது. நான் மருத்துவம் பயின்ற ஆண்டுகளில் மார்ஃபின் மாத்திரையை ஒருமுறைகூட எழுதியதில்லை.

இந்நிலையை மாற்ற வழிகாட்டியது கேரளம். மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் குழுவினர் கோழிக்கோட்டில் 1,723 நோயாளிகளை இரண்டாண்டுகள் கவனித்து, அவர்களுக்குத் தரப்பட்ட மார்ஃபின் தவறான கைகளுக்குச் செல்லவில்லை என்று 2001இல் எடுத்துரைத்தனர். நீண்ட முயற்சிக்குப் பின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாத போதை மருந்துகள் என வகைப்படுத்தப்பட்டன. இவற்றுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் ஒன்றே போதும். இவ்வாறு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில், பயிற்சி பெற்ற மருத்துவரின் பொறுப்பில் மருந்து வழங்கப்படுகிறது. எல்லாக் கடைகளிலும் அது கிடைக்காததற்குக் காரணம் இதுவே. மருத்துவர் எழுதிய அளவில் அதை வைத்திருப்பது குற்றமன்று.

கட்டுப்பாடே வேண்டாமா?

வேண்டும். அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதி முதல், முதுகுவலி போன்றவற்றுக்கும் இவ்வகை மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டதால் பெருந்தொகையானோர் அடிமையாகினர், பலர் உயிரிழந்தனர். மூட்டுத் தேய்மானம், முதுகுவலி, சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலி ஆகியவற்றுக்கு மார்ஃபின் முதல் மருந்தன்று. இவற்றுக்கு உடற்பயிற்சியும் வேறு மருந்துகளும் உள்ளன.

நாமக்கல் பகுதி லாரி ஓட்டுநர்கள் சிலர், இடுப்புவலிக்கு டிராமடால் மாத்திரையைச் சீட்டின்றித் தேடுவதைக் காண்கிறேன். 2018 முதல் டிராமடாலும் இச்சட்டத்தின் கீழ் வருகிறது. இதை உட்கொண்டால் உறக்கம் வரலாம்; அந்நிலையில் வண்டி ஓட்டுவது பேராபத்து.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• மருந்துச் சீட்டையும் நோய்க்கான ஆவணங்களையும் ஒரே உறையில் வையுங்கள். பயணத்தின்போதும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.
• மாத்திரையைக் குறித்த நேரத்தில் கொடுங்கள். வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.
• மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அதற்கெனத் தரும் மருந்தை நிறுத்தாதீர்கள். தொடக்கத்தில் வரும் குமட்டல் பெரும்பாலும் சில நாட்களில் தணியும்.
• எழுப்பினாலும் விழிக்காத உறக்கமோ, மூச்சு மிக மெதுவாகும் நிலையோ கண்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.
• மதுவும், மருத்துவர் அறியாத தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.
• பெட்டியில் பூட்டி வையுங்கள், பிறருக்குத் தராதீர்கள். மீந்ததை எங்களிடம் திருப்பித் தாருங்கள்.
• தாமாகவே திடீரென நிறுத்தாதீர்கள். அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

"இது கடைசி மருந்தா?" என்று பலர் தயங்கிக் கேட்கின்றனர். அன்று. நோயின் எந்நிலையிலும் கடும்வலிக்குத் தரப்படுவது இது. மருத்துவரின் கண்காணிப்பில், வலிக்காக, உரிய அளவில் எடுத்துக்கொள்பவர் அடிமையாவது அரிது.

அந்த விசைத்தறித் தொழிலாளி மருந்து தொடங்கிய மறுநாள் இரவு படுத்து உறங்கினார். நோய் நீங்கவில்லை. ஆனால் எஞ்சிய நாட்களில் பேரனுடன் பேசினார், கஞ்சி குடித்தார். வலியைப் பொறுத்துக்கொள்வது நோயாளியின் கடமையன்று. வலி இருப்பின் கூசாமல் கூறுங்கள். கேட்பது எங்கள் கடமை.