இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெங்களூரு வகுப்பறைக்கு ஒரு கேள்வி

பெங்களூருவில் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், “உங்கள் பள்ளிக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “டேங்கிலிருந்து” என்பார்கள் பலர். விவரம் தெரிந்த பிள்ளை “காவேரி” என்று சொல்லும். இரண்டும் சரிதான். ஆனால் மொட்டைமாடி டேங்குக்கும் காவிரிக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர் குழாய், ஏறத்தாழ 500 மீட்டர் ஏற்றம், ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பல நூற்றாண்டு ஏரிகள் எல்லாம் கிடக்கின்றன. அறிவியல், கணக்கு, புவியியல், வரலாறு, மொழி என்று தனித்தனிப் பீரியடுகளில் நடத்துவதை இந்த ஒரே கேள்வியின் பின்னால் கொண்டுவருவதுதான் தண்ணீர்ச் செயல்திட்டம்.

6 முதல் 8 வரையிலான வகுப்புகள்தான் இதற்கு ஏற்ற பருவம். பெருக்கலும் சதவீதமும் கைவந்திருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வின் நெருக்கடி இன்னும் வந்திருக்காது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பல பள்ளிகளில் அது ஆண்டுக்கு ஒரு நாள் சடங்காகவே நின்றுபோனது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று ‘நீரைச் சேமிப்போம்’ என்று சார்ட் பேப்பரில் எழுதி, நீலத்தில் ஒரு துளி வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் பள்ளி ஒரு நாளில் எத்தனை லிட்டர் செலவழிக்கிறது என்று தெரியாது. எதையும் அளக்காத தண்ணீர்ச் செயல்திட்டத்தைச் செயல்திட்டம் என்றே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒன்றை நடுவில் வைத்துப் பல பாடங்களை நடத்தும் இந்த முறை புதிதல்ல. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் அதன் வழியே கற்பிக்கச் சொன்னது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ 2011-இல் தொடங்கிய ‘எர்தியன்’ திட்டத்தில் பள்ளிகள் தண்ணீரைத் தலைப்பாக எடுத்துத் தங்கள் வளாகத்தையே ஆராய்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புத்தகப் பை இல்லாத பத்து நாட்களுக்கு இடம் தந்திருக்கிறது. அந்த நாட்களை இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஏற்றம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் மேட்டில் இருக்கிறது. பெரிய ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. சிவனசமுத்திரம் பக்கம் எடுக்கப்படும் காவிரி நீர், மண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, படிப்படியாக மேலே தள்ளப்பட்டு நகரத்துக்கு வருகிறது. முதல் கட்டத் திட்டம் 1974-இல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் கட்டம் அதோடு 77.5 கோடி லிட்டரைச் சேர்க்கும்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அதை 500 மீட்டர் தூக்கக் குறைந்தபட்சம் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பிலும் குழாயிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். எட்டாம் வகுப்பில் இதைச் சூத்திரமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி மூன்றாம் மாடிக்கு இழுக்கச் சொல்லி, அது போல ஐம்பது மடங்கு உயரம் என்று சொன்னால் கை வலியோடு பாடம் புரிந்துவிடும். இன்னொன்றையும் சொல்லித் தர வேண்டும். இதே சிவனசமுத்திரத்தில் விழும் காவிரியிலிருந்துதான் 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அன்று கீழே விழுந்த தண்ணீர் மின்சாரம் தந்தது. இன்று மின்சாரம் கொடுத்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறோம்.

அடுத்தது வரைபடம். செயல்திட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பெங்களூருவின் நடுவே, ஏறக்குறைய வடக்கு தெற்காக ஒரு மேட்டுமுதுகு ஓடுகிறது. அதற்கு மேற்கே பெய்யும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேரும். கிழக்கே பெய்தால் ஹெப்பாள், கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்குகள் வழியே தட்சிண பினாகினிக்குப் போகும். அதைத்தான் நாம் தென்பெண்ணை என்கிறோம். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் பிள்ளைகள் தங்கள் பள்ளியைக் குறித்து, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பென்சிலால் கோடு போட வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு பெஞ்சு பிள்ளைகளின் வீட்டுக் கூரைநீர் இரண்டு வெவ்வேறு ஆறுகளுக்குப் போவது அப்போது தெரியவரும்.

இந்த மேட்டுமுதுகு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தந்த இறுதித் தீர்ப்பில், நகரத்தின் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகையில் இருக்கிறது என்பதால் குடிநீர்த் தேவையை அந்த அளவுக்கே கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், கர்நாடகத்துக்குக் கூடுதலாகத் தந்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சியைப் பெங்களூருவுக்கென ஒதுக்கியது. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,832 கோடி லிட்டர். ஐந்தாம் கட்டத் திட்டம் முழு அளவில் ஓடினால் அது எத்தனை நாளுக்கு வரும் என்று வகுத்துப் பார்க்கச் சொல்லலாம். சுமார் 36 நாள். தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் கேட்கும் ‘டிஎம்சி’ அப்போதுதான் பிள்ளைக்கு ஓர் அளவாகப் பிடிபடும்.

காவிரி என்றாலே ஆசிரியர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. 1991-லும் 2016-லும் காவிரிக் கலவரங்களில் இந்த நகரம் பட்டது மறக்கக் கூடியதல்ல. தமிழ் பேசும் பிள்ளையும் கன்னடம் பேசும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பறையில் பேசாவிட்டால் அவர்கள் அதைத் தெருவிலும் வாட்ஸ்அப்பிலும்தான் கற்றுக்கொள்வார்கள். முதலில் மழை, படுகை, கொள்ளளவு என்று எண்களைப் பேச வேண்டும். பிறகு மொழிப் பாடத்தில் பாத்திரங்களை மாற்றித் தர வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளை மண்டியா விவசாயிக்காகவும், கன்னட வீட்டுப் பிள்ளை தஞ்சாவூர் விவசாயிக்காகவும் வாதாடட்டும். இதே நகரின் மகாதேவபுரத்தில் டேங்கருக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்காகப் பேச மூன்றாவதாக ஒருவர் வேண்டும்.

டேங்கர் என்றதும் கணக்குப் பாடம் வந்துவிடுகிறது. 2024 கோடையில், அரசு சொன்ன கணக்குப்படி, நகரத்தின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 வற்றிவிட்டன. அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த டேங்கர் விலை, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டர் 100 ரூபாய். அப்போது குடிநீர் வாரியக் குழாய் உள்ள வீட்டில் முதல் 8,000 லிட்டருக்கு, ஆயிரம் லிட்டர் 7 ரூபாயாக இருந்தது. எத்தனை மடங்கு, யார் எதைக் கொடுக்கிறார்கள், ஏன் என்ற கேள்விகளைச் சமூக அறிவியல் ஆசிரியர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். குழாயை மூடிப் பல் தேய்க்கச் சொல்வது நல்லதுதான். ஆனால் தட்டுப்பாட்டின் பாரம் முழுவதையும் பிள்ளையின் பல் தேய்ப்பில் ஏற்றிவைப்பது நியாயமில்லை. குழாய்க் காவிரி யார் வீட்டுக்கு எட்டுகிறது, யார் வீட்டுக்கு எட்டவில்லை என்றும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

மழைக்கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். பெங்களூருவில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் பெய்கிறது. 30க்கு 40 அடி மனை என்றால் 111 சதுர மீட்டர். அதில் விழுவது ஒரு லட்சத்து ஏழாயிரம் லிட்டருக்கு மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,97,100 லிட்டர் வேண்டும். பாதிக்கு மேல் தலைக்கு மேலேயே விழுகிறது. பள்ளிக் கூரையின் பரப்பைப் பிள்ளைகளே டேப் பிடித்து அளந்து இதே கணக்கைப் போட வேண்டும். 2009-இல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய நகரம் இது. ஜெயநகரில் அதற்கென்றே சர் எம்.விஸ்வேஸ்வரய்யா பெயரில் வாரியம் ஒரு பூங்கா வைத்திருக்கிறது. அளந்து முடித்த பிறகு பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால், பார்ப்பது புரியும்.

வேதியியலுக்கு ஒரே அளவிலான மூன்று பாட்டில் போதும். ஒன்றில் மழைநீர், ஒன்றில் காவிரிக் குழாய்நீர், ஒன்றில் போர் தண்ணீர். குளியல் சோப்பைச் சீவிக் கரைத்த நீரை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். நுரை ஒரு நிமிடம் நிற்க எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணி எழுத வேண்டும். மழைநீரில் சட்டென்று நுரைக்கும். போர் தண்ணீரில் சொட்டு ஏறிக்கொண்டே போகும். நுரைக்குப் பதிலாகத் தயிர்த்திப்பி போல வெள்ளையாக மிதக்கும். கடினநீர் என்று பாடப்புத்தகம் சொல்வது இதுதான். வீட்டில் ஹீட்டர் காயிலில் படியும் வெள்ளைப் பொருக்கும் இந்தக் கடினத்தன்மையால் வருவதே என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். டிடர்ஜென்ட்டால் இதே சோதனையைச் செய்தால் போர் தண்ணீரிலும் நுரை வரும். பெள்ளந்தூர் ஏரியும் கெலவரப்பள்ளி அணையும் ஏன் நுரைத்தன என்ற பேச்சை அங்கே தொடங்கலாம்.

வரலாற்றுக்கு ஊர் முழுக்கச் சான்று கிடக்கிறது. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரி இருந்த இடம். சம்பங்கி ஏரியின் மேல் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. மிஞ்சிய சிறு குளம் இன்றும் கரக விழாவுக்குப் பயன்படுகிறது. விபூதிபுரத்தில், ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, காடு திருத்தி, நிலம் சமன் செய்து, ஏரி அமைத்து ஊர் உண்டாக்கியதைச் சொல்கிறது. தாத்தா பாட்டிகளிடம் பிள்ளைகள் கேட்டுவர வேண்டியதும் இதன் தொடர்ச்சிதான்: உங்கள் சின்ன வயதில் எந்தக் கிணறு, எந்த ஏரி, வறட்சியில் என்ன செய்தீர்கள்?

களப்பயணத்துக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். சர்ஜாபூர் சாலையில் உள்ள கைகொண்டரஹள்ளி ஏரியை மாநகராட்சியும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து 2009-க்குப் பிறகு மீட்டெடுத்தார்கள். அதன் கரையிலேயே ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஏரி வகுப்பறையின் நீட்சி. இன்னொன்று ஜக்கூர். அங்கே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீர், கோரைகள் வளர்ந்த ஈரநிலத்தைக் கடந்து ஏரியில் சேர்கிறது. கழிவுநீர் ஏரிநீராக மாறுவதை ஒரு காலை நடையில் பார்த்துவிடலாம். நீரில் கை வைக்க விடாதீர்கள். மாதிரி எடுப்பதை ஆசிரியர் கையுறையோடு செய்யட்டும்.

செயல்திட்டத்தை ஜூனில் தொடங்குவது நல்லது. தென்மேற்குப் பருவமழையோடு மழைமானியை வைத்தால், அதிக மழை பெய்யும் செப்டம்பர், அக்டோபரில் தரவு சேர்ந்துவிடும். அறிக்கையை ஜனவரிக்குள் முடித்துவிட வேண்டும். கோடை வந்துவிட்டால் எல்லோருக்கும் டேங்கர் தேடுவதற்கே நேரம் சரியாக இருக்கும்.

அந்த அறிக்கை பள்ளி நிர்வாகத்துக்கு எழுதும் கடிதமாக இருக்கட்டும். நாள் ஒன்றுக்கு மீட்டரில் ஓடிய லிட்டர், ஒழுகும் குழாய்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் அடியிலும் பத்து நிமிடம் குவளை வைத்து அளந்து 144-ஆல் பெருக்கிய நாள் இழப்பு, கூரையிலிருந்து பிடிக்கக்கூடிய மழை, சம்ப்பின் கொள்ளளவு, மீளூட்டுக் கிணறு வெட்டத் தோதான இடம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மதிப்பெண்ணை ஐந்து பாடங்களின் ஆசிரியர்களும் சேர்ந்து போடலாம். தலைமையாசிரியர் ஒரு மாதத்துக்குள், எதைச் சரிசெய்வோம், எது முடியாது, ஏன் முடியாது என்று பிள்ளைகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.