அக்கியும் அசெம்பிளி ஒர்க்கும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வைரஸ் பத்தி என்ன தெரியும் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. போன வருஷம் எங்கள் ஆச்சிக்கு இடுப்பில் அக்கி வந்தது. அக்கி எழுதினால் போயிரும் என்று காவி பூசிவிட்டுப் பத்து நாள் சும்மா இருந்துவிட்டோம். கொப்புளம் ஆறியது, எரிச்சல் மட்டும் ஆறு மாதம் விடவில்லை. ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம்தான் படித்தேன். படித்ததை நம்ம ஒர்க் ஷாப் பாஷையிலேயே சொல்கிறேன்.

அக்கி, ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸின் வேலை. சின்னம்மையாக வந்து, நரம்பு முடிச்சில் பல வருஷம் ஒளிந்திருந்து, உடம்பு தளரும்போது கிளம்புகிறது. இந்தக் குடும்பத்துக்குச் சொந்தப் பட்டறை கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் செலவிலேயே உற்பத்தி!

முதலில் செல்லின் உட்கருவுக்குள் கூடு கட்டுகிறது. சிவில் நண்பர்கள் கவனிக்கவும்: கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் அடிப்பது போல உள்ளே ஒரு தாங்கு புரதம், அதைச் சுற்றி 20 முகமுள்ள கூடு. பிறகு ஒரு நொதி அந்த சென்ட்ரிங்கை வெட்டிப் பிரித்துவிடும். கூட்டின் 12 முனைகளில் ஒன்று மட்டும் வாசல். அங்கே ‘டெர்மினேஸ்’ என்ற மோட்டார் மாட்டிக்கொண்டு டி.என்.ஏ.வை உள்ளே திணித்து, சரியான அளவில் வெட்டுகிறது. அதற்கு எரிபொருள், நம் செல்லின் ஏ.டி.பி. தான். கடைசியில் உட்கருவை விட்டு வெளியேறி, செல்லின் சவ்வையே சட்டையாக மாட்டிக்கொண்டு கிளம்புகிறது.

இந்த லைனை எங்கே நிறுத்துவது? அசைக்ளோவிர் மாத்திரை, டி.என்.ஏ. சங்கிலியில் கொக்கியில்லாத கண்ணியாகப் போய்ச் சேரும். அடுத்த கண்ணி மாட்டாது. அதை முடுக்கிவிடுவதே வைரஸின் சொந்த நொதிதான் என்பதால் நல்ல செல்லுக்குச் சேதம் குறைவு. இதன் பின்னணியில் உழைத்த ஜெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற லெட்டர்மோவிர், டெர்மினேஸ் மோட்டாரையே நிறுத்துகிறது. ஆனால் அது அக்கிக்கு அல்ல. பங்காளியான சைட்டோமெகலோ வைரஸுக்கு.

ஒன்றை மறக்க வேண்டாம். நரம்பில் தூங்கும் வைரஸை எந்த மாத்திரையும் ஒழிப்பதில்லை. ஓடுகிற உற்பத்தியைத்தான் நிறுத்தும். அதனால்தான் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பக்கமாக, பட்டையாக, எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காவி பூசுவதென்றால் அப்புறம் பூசிக்கொள்ளலாம். எங்கள் ஆச்சிக்கு இதைச் சொல்ல அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லை.