உயிரைத் தேடி – 6: மூடிய குடுவையும் திறந்த குடுவையும்

செல்லிலிருந்துதான் செல் பிறக்கும் என்ற விதியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அப்படியானால் கெட்டுப்போன கறியில் நெளியும் புழுவுக்குத் தாய் யார்? சேற்றிலும் அழுகலிலும் சில உயிர்கள் தாமாகவே தோன்றும் என்றார் அரிஸ்டாட்டில். நம் மரபும் உயிர்த் தோற்றத்தை நான்காக வகுத்தபோது கருப்பை, முட்டை, விதை ஆகியவற்றோடு வேர்வையையும் சேர்த்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் சொன்னார்கள். முட்டையைக் காணாதவர்கள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்துக்கு வைத்தியராக இருந்த பிரான்செஸ்கோ ரெடிக்கு ஈக்கள்மேல் சந்தேகம். ஒரு ஜூலை மாத நடுவில் அகலவாய்க் குடுவைகள் நான்கை எடுத்து, பாம்பு, மீன், ஆர்னோ ஆற்று விலாங்கு, கன்றுக்கறி என்று ஒவ்வொன்றில் ஒன்றாகப் போட்டு வாயை இறுக அடைத்தார். அதேபோல இன்னும் நான்கைத் தயார் செய்து திறந்தே வைத்தார். திறந்தவற்றில் ஈக்கள் வந்துபோயின, புழு வைத்தது. அடைத்தவற்றில் கறி அழுகியதே தவிர புழு இல்லை. 1668-இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

திறந்து வைத்த அந்த நான்கு குடுவைகள்தான் இந்தச் சோதனைக்கு முதுகெலும்பு என்பேன். அவை இல்லாவிட்டால், அந்தக் கறி அந்த வெயிலில் புழு வைக்கக்கூடியதுதானா என்பதே தெரியாமல் போயிருக்கும். காற்றையே அடைத்துவிட்டால் உயிர் எப்படித் தோன்றும் என்று எவரும் கேட்கலாம் என்பதையும் ரெடி உணர்ந்திருந்தார். அதனால் காற்று புகும், ஈ புகாத மெல்லிய நேப்பிள்ஸ் வலைத்துணியால் மூடி மறுபடி செய்தார். ஈக்கள் துணியின்மேல் மொய்த்தன. சில அங்கேயே புழுக்களை விட்டுச் சென்றன. கறியில் ஒன்றும் இல்லை. இவ்வளவு கவனமான மனிதர்தான், இலைகளிலும் கிளைகளிலும் வரும் முடிச்சுகளுக்குள் இருக்கும் பூச்சிகளை மரமே பெற்றெடுக்கிறது என்றும் நம்பினார்!

நுண்ணோக்கியில் நுண்ணுயிர்கள் தென்பட்டதும் வழக்கு மறுபடி தொடங்கியது. நீடம் கொதிக்கவைத்த இறைச்சிச் சாற்றில் அவை பெருகின. ஸ்பல்லான்சானி இன்னும் நெடுநேரம் கொதிக்கவைத்து அடைத்தார், பெருகவில்லை. காற்றைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மறுத்தார்கள். கழுத்தை அன்னம்போல வளைத்த பாஸ்டரின் கண்ணாடிக் குடுவை அந்த மறுப்புக்கு நேரடிப் பதில். அதில் காற்று தாராளமாகப் போய்வரும். அதோடு வரும் தூசி வளைவிலேயே தங்கிவிடும். சர்க்கரை கலந்த ஈஸ்ட் சாறு கெடாமல் இருந்தது. கழுத்தை உடைத்தால் கெட்டது.

1860-இல் பாஸ்டர் ஆல்ப்ஸ் மலையின் பனியாறு ஒன்றுக்கு அருகே 20 குடுவைகளைத் திறந்து மூடினார், ஒன்றுதான் கெட்டது. தூய காற்றில் கிருமி குறைவு என்றார். அவரை எதிர்த்த பூஷே 1863-இல் பிரனீஸ் மலையேறி அதையே செய்தார். அவருடைய குடுவைகளோ கெட்டுப்போயின. பிரெஞ்சு அறிவியல் கழகம் பாஸ்டர் பக்கம் நின்றது. ஆனால் பூஷே பொய் சொல்லவில்லை. அவர் ஊற்றியது ஈஸ்ட் சாறு அல்ல, வைக்கோல் ஊறிய நீர்.

வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருந்தது. வைக்கோலில் வாழும் ஒரு பாக்டீரியா, காலம் சரியில்லாதபோது தன்னைச் சுற்றித் தடித்த உறை போட்டு ஸ்போர் ஆகிவிடும். கொதிநீரும் அதைக் கொல்லாது. 1876-இல் பெர்டினாண்ட் கோன் இதை விவரித்தார். மறு ஆண்டு ஜான் டிண்டால் ஒரு வழி சொன்னார்: சூடாக்கு, ஆறவிடு, ஸ்போர் முளைத்து மென்மையானதும் மறுபடி சூடாக்கு. இப்படிச் சில முறை செய்தால் வைக்கோல் நீரும் கெடாது.

பூஷேயின் குடுவைகளை அன்றே யாராவது பொறுமையாக ஆராய்ந்திருந்தால் இந்த உண்மை பத்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இன்று ஆய்வகங்களில் நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகத்தை 100 டிகிரியோடு விடாமல், ஆட்டோகிளேவில் அழுத்தம் கூட்டி 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைப்பதும் அந்த ஸ்போருக்காகத்தான்.

(தொடரும்)