கடைசிச் சுற்றுப் பந்துவீச்சாளர்களும் கண்ணில் படாத மலையகமும்

2024 மே 8, ஹைதராபாத். லக்னோ அணி எடுத்த 165 ஓட்டங்களை சன்ரைசர்ஸ் 9.4 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றித் தாண்டியது. ட்ராவிஸ் ஹெட் 30 பந்துகளில் 89, அபிஷேக் சர்மா 28 பந்துகளில் 75. அன்றிரவு எங்கும் இந்த இருவரின் பேச்சுதான். அதே போட்டியில் நான்கு ஓவர்கள் வீசி 27 ஓட்டங்களை மட்டும் கொடுத்த 22 வயது லெக் ஸ்பின்னரைப் பற்றிப் பேசியது பெரும்பாலும் நாங்கள்தான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு அதுதான் முதல் ஐபிஎல் போட்டி.

சன்ரைசர்ஸ் 1.5 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியிருந்த வனிந்து ஹசரங்க காயமடைந்ததால், 50 இலட்சத்துக்கு எடுக்கப்பட்டவர் அவர். ஏலத்தில் விலைபோனவர் அல்ல, மாற்று வீரர். முதலாவது எல்பிஎல் தொடரில் யாழ்ப்பாண அணியில் இதே ஹசரங்கவும் திசர பெரேராவும் பெரிய பெயர்கள். பட்டியலின் அடியில் இருந்த பள்ளிப் பருவத்துப் பையன்களில் ஒருவர் வியாஸ்காந்த். 2020 டிசம்பர் 4 இல், 19 வயது நிறைவதற்கு முதல்நாள் களமிறங்கி, அஞ்சலோ மெத்யூஸின் விக்கெட்டை எடுத்தார்.

இப்படியானவர்கள் கடைசியில், மலிவாகக் கிடைப்பது தற்செயல் அல்ல. ஒவ்வொரு அணிக்கும் செலவிட ஒரு தொகைதான் உண்டு. அதில் பெரும்பகுதியை நான்கைந்து நட்சத்திரங்கள் விழுங்கிவிடுவார்கள். மிச்சக் காசில் மிச்ச இடங்களை நிரப்ப வேண்டும். முதல் சுற்றில் யாரை எடுப்பது என்பதில் அணிகளுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இராது, எல்லோரும் பார்த்த ஆட்டக்காரர்கள்தான். கடைசிச் சுற்றில்தான் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும்.

அமெரிக்கக் கால்பந்தில் இது பழைய கதை. அங்கே பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்தைப் பிளந்து ஓடுபவரை 'ரன்னிங் பேக்' என்பார்கள். 1995 ஆம் ஆண்டு வீரர் தெரிவில் ஆறாவது சுற்றுவரை காத்திருந்து, 196 ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் டெரல் டேவிஸ். மூன்று வருடங்களில், ஒரே பருவத்தில் 2,008 யார் ஓடினார். முன்னால் நின்று வழி விடுவிப்பவர்கள் சரியாக இருந்தால் பின்வரிசையில் எடுத்தவரும் ஓடுவார் என்பதால், இந்த இடத்துக்குப் பெரிய விலை கொடுக்க அணிகள் தயங்குகின்றன.

இருபது ஓவர் கிரிக்கெட்டில் அந்த இடம் பந்துவீச்சாளருடையது என்பது என் கணிப்பு. துடுப்பாட்டக்காரர் ஒரு தவறில் ஆட்டமிழந்து போகலாம், அவரை எடைபோடப் பல இன்னிங்ஸ் வேண்டும். பந்துவீச்சாளருக்கு 24 பந்துகள் வரை கிடைக்கலாம். பழகாத ஒரு பந்து கையிலிருந்தால் வலைப்பயிற்சியிலேயே தெரிந்துவிடும். 2022 இல் சென்னை அணி மஹீஷ் தீக்‌ஷனவை 70 இலட்சத்துக்கு வாங்கியது, மதீஷ பத்திரனவை மாற்று வீரராக 20 இலட்சத்துக்கு அழைத்தது. அடுத்த வருடமே பத்திரன 19 விக்கெட்டுகள் எடுத்தார். 2025 பருவத்துக்கு அவரைத் தக்கவைக்க அதே அணி கொடுத்த விலை 13 கோடி.

ஆனால் மலையக வாசகர்கள் உற்றுப் பார்க்க வேண்டியவர் தங்கராசு நடராஜன். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி, கூலி வேலை செய்த பெற்றோர், இருபது வயதுவரை டென்னிஸ் பந்து. தோட்டத்து மைதானங்களில் சொப்ட்போல் ஆடும் எத்தனையோ பேரின் கதை இதுவரைக்கும் இதேதான். பிரியும் இடம் அடுத்தது. ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே நான்காம் பிரிவு லீக் இருந்தது, அதற்கு மேல் முதல் பிரிவு, ரஞ்சிக் கிண்ணம், பிறகு 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக். அங்கே அவர் போட்ட யோர்க்கர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டன. 2017 ஏலத்தில் பத்து இலட்சம் அடிப்படை விலை மூன்று கோடியானது. அந்தப் பருவம் சரிவராமல், அடுத்த வருடம் சன்ரைசர்ஸ் அவரை 40 இலட்சத்துக்கு எடுத்து இரண்டு வருடம் பெரும்பாலும் வெளியில் உட்கார வைத்தது. 2020 இல் 16 விக்கெட்டுகள். வலைப் பந்துவீச்சாளராக அவுஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமானார்.

நடராஜனுக்கு இருந்தவை படிகள். வியாஸ்காந்துக்கும் இருந்தன: யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் இடையில் 1904 முதல் நடக்கும் 'வடக்கின் பெரும் போர்' யாரும் பார்க்காத ஆட்டம் அல்ல. முரளிதரனின் தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். ஆனால் தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார், மகன் படித்தது கட்டுகஸ்தோட்டை சென். அந்தோனியார் கல்லூரியில். வேகப்பந்து வீசிய பதினான்கு வயதுப் பையனிடம் சுழற்பந்துக்கு மாறச் சொல்ல அங்கே சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் இருந்தார். பத்திரனவும் கண்டி, திரித்துவக் கல்லூரி. மலைநாட்டுத் திறமை கண்டிவரை போனால் கண்ணில் படுகிறது. அதற்கு மேலே, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாவில் என்ன?

லெதர் பந்துக்கு விக்கெட் வேண்டும், பாட் வேண்டும், ஹெல்மட் வேண்டும், நல்ல மட்டை வேண்டும். 2021 இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் லயத்து வீடொன்று இதை யோசிக்கவே முடியாது. சொப்ட்போலுக்கு ஒரு மட்டையும் ஒரு பந்தும் போதும். பதினெட்டு வயதில் பையன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறான், தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் வந்து ஊர்க் கிண்ணத்துக்கு விளையாடுகிறான். மைதானமே இல்லை என்றும் சொல்ல முடியாது. றதல்லவிலும் டரவெல்லவிலும் துரைமார் காலத்துக் கிளப் மைதானங்கள் இருக்கின்றன. ஹட்டனில் டன்பார், நோர்வூட்டில் தொண்டமான் மைதானம்.

எல்பிஎல்லில் நுவரெலியாவுக்கு அணி இல்லை, பக்கத்து அணி கண்டி. வருடத்துக்கு வருடம் பெயர் மாற்றிய அந்த அணிக்கு டன்பாரில் ஒரு ஞாயிறு போதும். ஒரு லெதர் பந்துப் பெட்டி, வேகம் அளக்கும் கருவி, படம் பிடிக்க ஒரு போன், கண் தெரிந்த ஒரு பயிற்சியாளர். தெரிவாகும் மூன்று பேருக்குக் கண்டியில் தங்குமிடமும் ஒரு வருடச் சாப்பாடும் கொடுக்கும் செலவு, ஒரு வெளிநாட்டு வீரரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. யாரைக் கூப்பிடுவது என்று தேடி அலையவும் தேவையில்லை. எந்தப் பையனின் பந்தை அடிக்க முடியாது என்பது ஒவ்வொரு டிவிசனிலும் எல்லோருக்கும் தெரியும்.