வேதவிளக்கமும் தரங்கம்பாடி வாதமும்

வேதவிளக்கம் என்பது வீரமாமுனிவர் 1728ஆம் ஆண்டில் எழுதிய சமய வாத நூல். தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் மிஷனரிகளின் கொள்கைகளை மறுத்து, கத்தோலிக்க நம்பிக்கைகளைக் காப்பதற்காக உரைநடையில் எழுதப்பட்டது. பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய அவருடைய நூல்களும் இதே வாதத்தைச் சேர்ந்தவை. தேம்பாவணியையும் சதுரகராதியையும் பாடத்தில் படிக்கும் மாணவர் பலர் இவற்றின் பெயரைக்கூடக் கேட்டிருப்பதில்லை.

கான்ஸ்டண்டைன் ஜோசப் பெஸ்கி என்பது வீரமாமுனிவரின் இயற்பெயர். இத்தாலியில் 1680இல் பிறந்த இயேசு சபைத் துறவி. தமிழகம் வந்த தொடக்கக் காலத்தில், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணி செய்தார். பின்னர் கொள்ளிடக்கரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சிக்குச் சென்றார். அங்கேதான் தரங்கம்பாடியின் அச்சுப் புத்தகங்கள் அவருக்குச் சவாலாக வந்து சேர்ந்தன.

தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. சீகன்பால்கு 1706இல் அங்கு வந்திறங்கினார். லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்னும் கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது; ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 1698இல் தோன்றிய அந்தச் சங்கம் இங்கிலாந்தில் முதன்முதலில் மேற்கொண்ட வேலைகளில் ஒன்று, குவேக்கர்களுக்கு எதிரான சிறு நூல்களைப் பரப்பியது. சமய வாதத்தை அச்சுத்தாளில் நடத்திப் பழகியவர்களின் கைவழியேதான் அச்சு இயந்திரம் தரங்கம்பாடிக்கும் வந்தது.

குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தலைமையில் எழுந்தவர்கள். குருமார் வேண்டாம், சடங்கு வேண்டாம், நீதிமன்றத்திலும் சத்தியப் பிரமாணம் செய்யமாட்டோம் என்றார்கள், சிறை சென்றார்கள். அவர்கள் தரப்பை முறையாக எடுத்துரைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் பார்க்ளே. அவரது நூல் 1676இல் லத்தீனிலும் 1678இல் ஆங்கிலத்திலும் வந்தது. வேதத்தை எழுதத் தூண்டிய ஆவியே மூலம், வேதம் அதற்கு அடுத்த நிலையிலேயே நிற்கும் என்பது அவர் வாதம். லுத்தரன்களுக்கோ வேதமே இறுதிப் பிரமாணம். வேதத்தைக் காத்து விளக்கும் உரிமை திருச்சபைக்கே உண்டு என்பது வீரமாமுனிவரின் நிலை. கேள்வி ஒன்றுதான்: சமயத்தில் முடிவான சொல் யாருடையது?

தமிழகத்தில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. தஞ்சைப் படையில் இருந்த ராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர் தரங்கம்பாடி அச்சிட்ட நற்செய்தி நூல்களைப் படித்தார். 1720களின் இறுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்தார். ஒரு படைவீரர் தாமே வேதத்தைப் படித்துத் தாமே முடிவெடுத்தது புதியது. சபையை விட்டால் உற்றார் உறவும் கைவிட்டுப் போகக்கூடிய காலம் அது. அதே காலத்தில்தான் வேதவிளக்கம் எழுந்தது. தரங்கம்பாடியார் வெளியிட்ட திருச்சபை பேதகம் என்னும் நூலுக்குப் பதிலாக வந்தது பேதகமறுத்தல்.

கொள்கையை மறுத்ததோடு வீரமாமுனிவர் நிற்கவில்லை. எதிர்த்தரப்பாரின் தமிழையும் கடுமையாக நகையாடினார். நடை கரடுமுரடானது என்பதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் ஏளனம் சில இடங்களில் அளவு மீறுகிறது. அக்கால இங்கிலாந்தின் வாத நூல்களும் வசைக்குக் குறைந்தவை அல்ல. ஆயினும் இந்தச் சண்டையால் தமிழுக்கு ஒரு லாபம் கிடைத்தது. செய்யுளே நூலுக்கு உரிய வடிவம் என்றிருந்த காலத்தில், எளிய மக்களுக்கும் புரியும்படி ஒரு கருத்தை எடுத்து வைத்து, தடை சொல்லி, விடை கூறும் உரைநடை இரு தரப்பாருக்கும் தேவைப்பட்டது.

தரங்கம்பாடியாரிடம் அச்சுக்கூடம் இருந்தது, வீரமாமுனிவரிடம் இல்லை. அவருடைய மறுப்பு நூல்கள் கையால் படியெடுக்கப்பட்டே பரவின. அச்சேறியது அடுத்த நூற்றாண்டில்தான். ஆனால் பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் அவர் உயிரோடிருந்தபோதே, 1738இல் அச்சாயிற்று. அச்சிட்டவர்கள் வேறு யாருமல்லர், அவர் அத்தனை கடுமையாகச் சாடிய தரங்கம்பாடி மிஷனரிகள்தாம். தமிழ் கற்க வந்த தங்கள் ஆட்களுக்கு அது தேவைப்பட்டது.