பாலர் நூலுக்கும் திணை உண்டு

நிலமில்லாத இலக்கியம் தமிழுக்கு இல்லை. தொல்காப்பியர் பொருளிலக்கணம் வகுத்தபோது, தலைவனையும் தலைவியையும் வெற்று வெளியில் நிறுத்தவில்லை. அவர்கள் வாழும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், பண் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். பெரியோர் பாட்டுக்கு உரிய இந்த விதி சிறுவர் நூலுக்கு மட்டும் விலக்காகுமா?

ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறவன் என்ற முறையில் இவ்வினாவை எழுப்புகின்றேன். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டை நம் பிள்ளைகள் ஆசையோடு படிக்கிறார்கள். அப்பாட்டில் வரும் கூழும் பனங்கட்டியும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தன் வீட்டு அடுப்பங்கரையை நினைவூட்டும். நமுனுகுலை மலைச்சாரலில் பிறந்த பிள்ளைக்கோ பனை என்பது படத்திலே கண்ட மரம். இது புலவர்மீது குறையன்று. அவர் தம் நிலத்தைப் பாடினார். பிறர் நிலத்தை அறிவதும் கல்வியே. தன் நிலத்தைப் புத்தகத்தில் காணாமலே ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போவதுதான் குறை.

அக்குறை எத்தகையது என்பதை ஒரு கட்டுரைப் பாடவேளையில் கண்டேன். ‘என் வீடு’ என்று தலைப்புக் கொடுத்தேன். லயத்தில் வாழும் மாணவி ஒருத்தி, முற்றத்தில் மாமரமும் தொழுவத்தில் பசுவும் உள்ள வீட்டை அழகாக வருணித்திருந்தாள். “இது யார் வீடு, அம்மா?” என்று கேட்டேன். “புத்தகத்தில் வீடு இப்படித்தானே இருக்கும், சேர்” என்றாள். பீலியில் தண்ணீர் பிடிப்பதையும், பிரட்டுக்குப் போகும் தாயின் கூடையையும், தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு வருவதையும் எழுதலாமா என்று அவளுக்கு ஐயம். தன் வாழ்வு எழுத்துக்குத் தகுதியற்றது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை; புத்தகத்தின் மௌனமே சொல்லியிருக்கிறது.

இந்த மௌனத்துக்கு வரலாறு உண்டு. தோட்டத்துக்குள் வெளியார் கால் வைப்பதற்கே துரையின் அனுமதி வேண்டியிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே நுழைந்தார் என்பர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிலே பாடினார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரைக் குடியுரிமை அற்றவராக்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. நாட்டின் பதிவேட்டில் இல்லாத குழந்தைக்கு நாட்டின் பாடநூலில் இடம் தேட யார் முன்வருவார்?

1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. இது போற்றத்தக்க தொண்டு. ஆயினும் பல லயக் காம்பராக்களில் அதுவே வீட்டிலுள்ள ஒரே புத்தகம். ஒரே புத்தகம் எல்லாக் கைகளையும் சேரும்போது, அதில் விடுபட்டது எல்லாக் கண்களுக்கும் மறைந்துவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமன்று இந்த இழப்பு. மகியங்கனையை அடுத்த தம்பானையில் வேடர் குலப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதுளைக் கடைத்தெருவில் முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்து எல்லைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்துப் பிள்ளை, தன் அயலில் வாழும் கொழுந்துக்காரியின் மகளை எந்தக் கதையில் சந்திக்கும்?

மௌனத்தால் விலக்குவது ஒரு வகை. அதிகாரத்தால் விலக்குவது மற்றொரு வகை. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜசீம், 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். அந்நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று குற்றஞ்சாட்டி, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தனர். மாணவருக்குத் தீய கருத்தை ஊட்டினார் என்பதும் அவர்மீது சுமத்தப்பட்ட பழி. தமிழறிந்தோர் அந்நூலைப் படித்து, அதிலுள்ள பாடல்கள் வன்முறையைக் கண்டிப்பன என்று எடுத்துக்காட்டினர். 2021 டிசம்பரில் பிணையும் 2023 டிசம்பரில் விடுதலையும் கிடைத்தன. இழந்த காலத்தை யார் மீட்பது? ஒரு மொழியின் கவிதையை அம்மொழி அறியாதார் தீர்ப்பிடும்போது, உருவகம் குற்றமாகிறது. அச்சம் கொண்ட ஆசிரியர் அடுத்த முறை நூலகத்துக்கு நூல் தெரியும்போது, வம்பு வேண்டாம் என்று நல்ல நூலையும் ஒதுக்கிவிடுவார். அந்தத் தணிக்கைக்கு ஆணையும் இல்லை, கையொப்பமும் இல்லை.

இந்நோய் நம் தீவுக்கு மட்டும் உரியதன்று. 2023–24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நூல் தடைகள் நிகழ்ந்தனவாகப் ‘பென் அமெரிக்கா’ என்னும் எழுத்தாளர் அமைப்புப் பதிவு செய்தது. கறுப்பின மக்கள், பாலினச் சிறுபான்மையினர் முதலியோரின் வாழ்வைச் சொல்லும் நூல்கள் அவற்றுள் மிகுதி. வலியோர் கதைகளுக்கு வராத தடை மெலியோர் கதைகளுக்கு வருவதைக் காண்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். எதையும் சிறுவர்க்குக் கொடுத்துவிடுவதா? அன்று. வயதறிந்து நூல் தெரிவது ஆசிரியர் கடமை. “இப்பருவத்துப் பிள்ளைக்கு இது விளங்குமா, ஊறு செய்யுமா?” என்று கேட்பது தெரிவு. “இவர்கள் வாழ்வு இங்கே எதற்கு?” என்று கேட்பது தணிக்கை. மற்றொரு மறுப்புத் தோட்டத்துப் பெற்றோரிடமிருந்தே வருகிறது. லயத்தையும் தப்பையும் புத்தகத்தில் போட்டால், பிள்ளைகளை ஊரார் இழிவாகப் பார்ப்பார்களே என்கிறார்கள். சாதிப் பெயரால் பட்ட வடு அவர்களை அவ்வாறு பேச வைக்கிறது. அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆனால் மறைத்துவைத்த பொருள்மீது இழிவு இன்னும் தடிப்பாகப் படியும். காமன் கூத்தில் முழங்கும் தப்பு ஒரு கலைக்கருவி என்று படத்தோடும் பாடத்தோடும் எல்லாப் பிள்ளைகளும் கற்கும் நாளில், அதை அடிப்பவர் மகன் வகுப்பில் தலைநிமிர்ந்து அமர்வான். பறை கருப்பொருளுள் ஒன்றென்று இலக்கணமே கூறுகின்றது. பண்டிதர் அதைக் கேட்க நாணுவது பொருந்தாது.

எழுத ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், தாம் ஆசிரியராய் இருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதி 1979இல் வந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் அச்சாயிற்று. பெரியோர்க்குக் கிடைத்த இச்செல்வம் சிறுவர் கைக்கு ஏற்ற வடிவில் இன்னும் போதிய அளவு வந்து சேரவில்லை.

வடபகுதி ஆசிரியர்கள் 1935இலேயே ‘பிள்ளைப்பாட்டு’ என்றொரு தொகுதியை வெளியிட்டார்கள். ஊவா ஆசிரியர்கள் அதைப் பின்பற்றலாம். ஒவ்வொரு பள்ளியிலும் பாட்டிமாரின் தாலாட்டு, விடுகதை, விளையாட்டுப் பாட்டு ஆகியவற்றை மாணவர் எழுதி வரட்டும். ‘கொழுந்து’, ‘கவ்வாத்து’, ‘பீலி’ ஆகிய சொற்களைத் திருத்தாமல், பின்னே பொருள் விளக்கம் சேர்த்து அச்சிடுவோம். நூலகத்திலிருந்து ஒரு நூலை நீக்க வேண்டுமென்று யார் சொன்னாலும், அந்நூலை முழுதும் படித்து, காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்போம். படித்தவர் எழுதும் காரணத்துக்கு நாம் விடை சொல்லலாம். படியாதவர் இடும் தடைக்கு விடை சொல்ல வழியில்லை.