கோடரியும் குடியிருப்பும்

‘அசாசின்ஸ் க்ரீட்: வல்ஹல்லா’ யுபிசாஃப்ட் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வீடியோ கேம். இதை அந்த நிறுவனத்தின் மான்ட்ரியல் ஸ்டுடியோ உருவாக்கியது. 2007இல் தொடங்கிய ‘அசாசின்ஸ் க்ரீட்’ வரிசை சிலுவைப் போர்க்கால ஜெருசலேம், மறுமலர்ச்சிக்கால இத்தாலி, கிளியோபாட்ராவின் எகிப்து, பண்டைய கிரேக்கம் என்று ஒவ்வொரு காலத்தையும் களமாக்கி வந்தது. வல்ஹல்லா எடுத்துக்கொண்டது 9ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தையும் அதன்மேல் படையெடுத்த வைக்கிங்குகளையும்.

இது ‘ஓப்பன் வேர்ல்டு’ வகையைச் சேர்ந்தது. ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்ற கட்டாயம் இதில் குறைவு. மலை, ஆறு, ஊர், காடு எல்லாம் கொண்ட ஒரு நிலப்பரப்பு முழுவதும் ஆடுபவர்முன் விரிந்து கிடக்கும். குதிரையிலோ படகிலோ எங்கும் போகலாம். கதையை ஒதுக்கிவைத்துவிட்டு மீன் பிடித்துக்கொண்டும் இருக்கலாம்.

கதையின் நாயகர் ஏவோர். ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம், இடையில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். நார்வேயின் சிற்றரசுகளையெல்லாம் மன்னர் ஹரால்ட் ஃபேர்ஹேர் தன் குடைக்கீழ் கொண்டுவரும் காலம் அது. ஏவோரை வளர்த்த சிற்றரசர் ஹரால்டுக்குப் பணிந்துவிடுகிறார். அவருடைய மகன் சிகுர்டுக்கு அது பொறுக்கவில்லை. பட்டத்துக்கு வர இருந்தவன், தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கடல் கடக்கிறான். ஏவோரும் உடன் போகிறார். இங்கிலாந்து அப்போது ஒரே நாடாக இல்லை. நார்தம்ப்ரியா, கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா, வெசெக்ஸ் என்ற நான்கு அரசுகளாகப் பிரிந்திருந்தது. 865இல் வந்திறங்கிய டேனியப் பெரும்படை அவற்றை ஒவ்வொன்றாக ஆட்டங்காண வைத்துக்கொண்டிருந்தது.

வைக்கிங் என்றதும் கொள்ளையும் தீவைப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த ஆட்டத்தின் மையமோ குடியேற்றம். ஆற்றங்கரையில் சில கூடாரங்களோடு தொடங்கும் ரேவன்ஸ்தோர்ப், ஆடுபவர் கொண்டுவரும் பொருளைக் கொண்டு மெல்ல ஊராக வளர்கிறது. கொல்லன் பட்டறை, படைவீடு, பச்சை குத்துபவரின் கடை என ஒவ்வொன்றாக எழும்புகின்றன. புதிய ஊர் நிலைக்க வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் நட்பு வேண்டும். அதற்காக ஏவோர் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் போய், அங்குள்ள சிக்கலில் தலையிட்டு, உறவை உறுதிசெய்துகொண்டு திரும்புகிறார். நிலம் தேடி வந்தவர்களின் கவலையை வைத்து இவ்வளவு பெரிய ஆக்‌ஷன் ஆட்டத்தைக் கட்டியதுதான் வல்ஹல்லாவின் உண்மையான சாதனை.

அதே இடத்தில்தான் அது தடுமாறவும் செய்கிறது. ஊரை வளர்க்கத் தேவையான பொருள் பெரும்பாலும் கிறிஸ்தவ மடங்களைச் சூறையாடினால்தான் கிடைக்கும். கொம்பை ஊதினால் படகிலிருந்து தோழர்கள் பாய்ந்து வருவார்கள், கனத்த கதவுகளைக் கூட்டாக உடைப்பார்கள், கூரைகள் எரியும். ஆனால் ஆயுதமில்லாத துறவியை வெட்டினால், ஏவோர் பொதுமக்களைக் கொன்றதில்லை என்று திரை எச்சரிக்கும். மீண்டும் மீண்டும் செய்தால் ஆட்டம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். வரலாற்றிலோ, 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள் துறவிகளைக் கொன்றார்கள், சிறைபிடித்தும் போனார்கள். பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்பது வைக்கிங் பொருளாதாரத்தின் முக்கியமான பகுதி. நாயகர்மீது வெறுப்பு வரக் கூடாதே என்ற அச்சம் இந்தப் பகுதியை அடக்கிவிட்டது. கொள்ளையின் விறுவிறுப்பு வேண்டும், பழி மட்டும் வேண்டாம் என்கிறது ஆட்டம்.

சண்டையில் அந்தத் தயக்கம் இல்லை. இரு கைகளிலும் ஆயுதம் ஏந்தலாம்; இரண்டு கேடயங்களை மட்டும் வைத்துக்கொண்டும் போரிடலாம். அடி கனமாக விழுகிறது, ரத்தமும் தாராளம். வயது வந்தோருக்கான ஆட்டம் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மறைந்திருந்து கொல்வது இந்த வரிசையின் பழைய அடையாளம். இதற்கு முந்தைய ‘ஒடிசி’யில் மங்கிப்போன அது, முக்காடிட்டு எதிரிகளிடையே நடமாடும் வசதியோடு இங்கே திரும்பியிருக்கிறது. என்றாலும் கோடரியைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே புகுவது பெரும்பாலும் எளிதாக இருப்பதால், பதுங்கிப் போகும் பொறுமை பலருக்கு வாய்ப்பதில்லை.

சின்னச் சின்ன விளையாட்டுகள் தனிச் சுவை. ‘ஃப்ளைட்டிங்’ என்ற வசைக்கவிப் போட்டியில் எதிராளி பாடும் வரிக்குச் சந்தமும் எதுகையும் பொருந்தும் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நார்ஸ் (பண்டைய ஸ்காண்டிநேவிய) இலக்கியத்தில் இத்தகைய வசைப்போர்களுக்குச் சான்று உண்டு. ‘ஒர்லாக்’ என்ற பகடையாட்டமோ இதற்காகவே உருவாக்கப்பட்டது. பின்னர் கையில் எடுத்து ஆடும் பகடைகளாகவே விற்பனைக்கும் வந்தது. வார்ட்ருனா இசைக்குழுவின் ஐனர் செல்விக் பங்களித்த பாடல்கள் படகுப் பயணங்களுக்கு உயிர் தருகின்றன.

நீளம்தான் பெரிய குறை. முதன்மைக் கதைக்கே ஏறத்தாழ 60 மணி நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் முடிக்க அதைப்போல இருமடங்குக்கும் மேல். வட்டாரத்துக்கு ஒரு தனிக்கதை என்ற அமைப்பு முதலில் நாவலின் அத்தியாயங்கள்போல ரசிக்க வைக்கிறது. பிறகு, சிக்கல், முற்றுகை, விருந்து என்ற வரிசை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பாதி வட்டாரங்களை வெட்டியிருந்தாலும் கதைக்கு நட்டமில்லை. சிகுர்டுக்கும் ஏவோருக்கும் இடையே வளரும் மனக்கசப்புதான் கதையின் வலுவான இழை. இந்த நெடும்பயணத்தில் அது பல மணி நேரம் காணாமலே போய்விடுகிறது.

வரலாற்றுப் பின்னணி பல இடங்களில் உறுதியானது. டேனியப் படை 873-74 குளிர்காலத்தை மெர்சியாவின் ரெப்டனில் கழித்தது. மெர்சிய மன்னர் பர்க்ரெட் நாட்டைவிட்டு ஓட, கியோல்வுல்ஃப் அரியணை ஏறினார். இந்த ஆட்சிமாற்றம் ஏவோரின் ஆரம்பக்காலப் பணிகளில் ஒன்றாக வருகிறது. வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட், டேனியத் தலைவர் குத்ரம் ஆகியோரும் கதைமாந்தர்கள். தொல்லியல் ஆதரிக்காத கொம்புத் தலைக்கவசத்தைச் சாதாரண வீரர்கள் தலையில் மாட்டாதது நல்ல முடிவு. கட்டடங்களில்தான் மிகை தெரிகிறது. கல்லால் எழுந்த பிரமாண்டமான தேவாலயங்களும், உண்மையைவிடப் பன்மடங்கு உயர்ந்த ரோமானிய இடிபாடுகளும் ஏறிக் குதிப்பதற்காகவே வைக்கப்பட்டவை. அன்றைய இங்கிலாந்தின் கட்டடங்களில் பெரும்பாலானவை மரத்தாலானவை.

2021 அக்டோபரில் ‘டிஸ்கவரி டூர்: வைக்கிங் ஏஜ்’ என்ற பகுதி வெளிவந்தது. ஆட்டத்தை வைத்திருப்பவர்களுக்கு இலவசம். சண்டையே இல்லாத இதில் ஒரு நார்ஸ் வணிகர், அவர் மனைவி, ஆங்கிலோ-சாக்சன் துறவி ஒருவர், மன்னர் ஆல்ஃபிரட் ஆகியோராக உலவி அக்கால வாழ்வை அறியலாம். கொள்ளையடிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தைப் பார்க்க முதன்மை ஆட்டம் தராத வாய்ப்பு இங்கே கிடைக்கிறது. வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய பகுதியும் இதுவே.